அப்பாவின் குடியை மேடையில் சொல்லலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 24 வயது. கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் சபையிலிருந்து 11 பேர் முதல் முறையாக வெளிநாட்டுக்கு 12 நாள் மிஷன் பயணம் போகிறோம். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பழுதுபார்க்கும் வேலை, பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு. மாலையில் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம் சாட்சி, அதாவது கடவுள் நம் வாழ்க்கையில் செய்ததை, சொல்ல வேண்டும். நான் சிறு வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவள். இந்த நாளில், இந்த இடத்தில் நான் மாறினேன் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் அப்பா பல வருடம் குடித்தார். நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. அப்பா மாறிய பிறகுதான் எனக்கு ஜெபிக்க முடியாமல் போனது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை. எங்கள் குழுத்தலைவர் அண்ணன், "அதுதான் உன் சாட்சி, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லு. அப்பா அங்கே வரப்போவதில்லையே" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தூக்கமும் வரவில்லை. அப்புறம் இன்னொன்று: முன்பின் தெரியாதவர்களிடம் போய் நம் கதையைச் சொல்லி அவர்கள் மனதை மாற்றப் பார்ப்பது சரிதானா? இதைக் கேட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்பார்களோ என்று யாரிடமும் கேட்கவில்லை. பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்காமல் சொல்லாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் சொல்லவே வேண்டாம். உங்கள் மனம் ஒப்பாததில் எந்தத் தவறும் இல்லை.

உங்கள் குழுத்தலைவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நடக்கப்போவதை நினைத்துப் பாருங்கள். அந்த ஊரில் அப்பாவை யாருக்கும் தெரியாது, சரி. கூட வரும் பத்துப் பேருக்கும் தெரியுமே. அதில் ஒருவர் நீங்கள் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்வார். மறுநாளே அது சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உங்கள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மகள் சாட்சி கேட்டேன் பிரதர், கண்ணீரே வந்துடுச்சு" என்பார். ஆறு வருடமாகத் தலை நிமிர்ந்து நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும்? குடியை விட்டவர்கள் வெட்கத்தோடு எவ்வளவு போராடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த வெட்கத்தை நம் கையால் கிளறக்கூடாது.

பயணக் குழுக்களைத் தயார்ப்படுத்தும் வேலையில் நான் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் இந்தச் சிக்கல் ஏதோ ஒரு உருவத்தில் வரும். மனைவியின் மனநோய், அண்ணனின் கடன், அக்காவின் விவாகரத்து என்று கூட்டத்தில் எடுபடக்கூடிய கதைகள் பெரும்பாலும் இன்னொருவருடையவை. அப்போதெல்லாம் நான் பிடித்துக்கொள்ளும் ஒரே கயிறு, சாட்சி என்ற சொல். கண்ணோடு இருந்தவர், கண்ணால் கண்டவர் என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் தான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லலாம். வழக்கு ஜெயிக்க வேண்டும் என்பதற்காக ஒரு வார்த்தை கூட்டினால் அது பொய்சாட்சி. பத்துக் கட்டளைகளில் ஒன்று அதைப் பற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். சபையில் இந்தச் சொல்லை அன்றாடம் புழங்கிப் புழங்கி அதன் கண்டிப்பை மறந்துவிட்டோம்.

யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தை இந்த வாரம் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். பிறவிக் குருடனாயிருந்தவன் இயேசுவால் பார்வை பெறுகிறான். எப்படி நடந்தது என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். சேறு பூசினார், கழுவச் சொன்னார், கழுவினேன், பார்வை வந்தது. அவ்வளவுதான் சொல்கிறான். அவர் எங்கே என்று கேட்டால் "எனக்குத் தெரியாது" என்கிறான். யூத மதத்தலைவர்களான பரிசேயர் நெருக்கும்போது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவனுக்குக் கூச்சமே இல்லை. அதே அதிகாரத்தில் அவனுடைய பெற்றோரையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். "இவன் வயதுள்ளவனாயிருக்கிறான், இவனைக் கேளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். பயத்தில் சொன்னார்கள் என்று வேதமே சொல்கிறது. ஆனாலும் அந்த வார்த்தை உங்கள் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. குடித்ததும் நிறுத்தியதும் உங்கள் அப்பாவின் சாட்சி. அவர் வயதுள்ளவர். என்றைக்காவது அவரே சொல்வார், சொல்லாமலும் போகலாம்.

அப்படியானால் உங்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அப்பா குடித்த வருடங்களில் உங்களுக்குள் நடந்தது உங்களுடையது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்த பெண் நீங்களாக இருந்தால், அந்தப் பயம் உங்களுடையது. அவர் நிறுத்திய பிறகும் மனதில் கோபம் நின்றிருந்தால் அது உங்களுடையது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "அப்பா மாறிய பிறகுதான் எனக்கு ஜெபிக்க முடியாமல் போனது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை." இதை மூன்று முறை படித்தேன். மேடையில் அழுத்திச் சொல்லும் எந்தக் கதையையும்விட இந்த ஒரு வரியில் உண்மை அதிகம். இதைச் சொல்ல அப்பாவின் பாட்டிலை நடுவே கொண்டுவந்து வைக்கத் தேவையில்லை. "எங்கள் வீட்டில் நீண்ட நாள் ஒரு கஷ்டம் இருந்தது" என்று ஆரம்பித்தால் போதும். கேட்பவர்கள் தங்கள் வீட்டுக் கஷ்டத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்வார்கள்.

அழுத்திச் சொல்வதால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் பயணத்தின்போது எனக்கு 26 வயது. ஒரு கடுமையான காய்ச்சலிலிருந்து பிழைத்ததைத்தான் சாட்சியாக வைத்திருந்தேன். உள்ளபடி சொன்னால், பத்து நாள் மருத்துவமனையில் இருந்தேன், மருந்து வேலை செய்தது, நானும் ஜெபித்தேன், வீட்டாரும் ஜெபித்தார்கள். இது சப்பென்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதனால் "மருத்துவர்கள் கைவிட்டார்கள்" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் கைவிடவில்லை, இரவு இரண்டு மணிக்கெல்லாம் வந்து பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். மொழிபெயர்த்தவரின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். தன் மகன் அதே காய்ச்சலில் இறந்துபோனதாகச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் அம்மா எத்தனை நாள் உபவாசம் இருந்தார்?" தான் இரண்டு நாள்தான் இருந்ததாகவும், மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டதாகவும் சொன்னார்.

நான் கூட்டிச் சொன்ன ஒரு வாக்கியம் அந்தத் தாயின் தலையில் போய் இறங்கிவிட்டது. மருந்து வேலை செய்தது என்று சொல்லியிருந்தால், தான் ஒரு வேளை சாப்பிட்டதால்தான் பிள்ளை போனான் என்ற எண்ணத்தை அவருக்கு நான் கொடுத்திருக்க மாட்டேன். அங்கேயே உட்கார்ந்து, நான் சொன்னது உண்மையில்லை, மருத்துவர்கள்தான் என்னைக் காப்பாற்றினார்கள் என்று சொன்னேன். மொழிபெயர்த்தவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு அதை அவருக்குச் சொன்னார். அந்தப் பெண்ணின் மனதில் அது எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து, என் குழுவில் யாருடைய சாட்சியிலும் நடக்காத ஒரு வார்த்தைகூட இருக்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

பெரிய மாற்றம் எதுவும் இல்லையே என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். தமஸ்கு வழியில் வெளிச்சம் கண்டு கீழே விழுந்து மனம் மாறிய பவுலின் கதையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சபைப் பிள்ளைகள் தங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே பவுல் தன் இளம் உடன்ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்த விசுவாசத்தை நினைத்துச் சந்தோஷப்படுகிறார். பாட்டி மடியிலிருந்து வந்த விசுவாசம் அவருக்கு இரண்டாந்தரமாகப் படவில்லை. நாள் குறித்துச் சொல்ல முடியாத விசுவாசமும் விசுவாசம்தான். விடியற்காலையில் எந்த நொடியில் இருட்டு போனது என்று யாரால் சொல்ல முடியும்?

பவுலின் கதையிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அது மூன்று முறை வருகிறது: 9ஆம் அதிகாரத்தில் நடந்தபடி, 22லும் 26லும் அவர் வாயாலேயே. எருசலேமில் ஆத்திரத்தோடு நிற்கும் கூட்டத்திடம் அவர்கள் பாஷையில், "சகோதரரே, பிதாக்களே" என்று தொடங்குகிறார். தான் பேர்பெற்ற யூத ஆசிரியர் கமாலியேலிடம் படித்தவன் என்கிறார். தனக்கு உதவிய அனனியா வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவர், அங்குள்ள யூதரெல்லாம் மதித்தவர் என்பதையும் சொல்கிறார். அந்தக் கூட்டத்துக்கு அது முக்கியம். 26ஆம் அதிகாரத்தில் அகிரிப்பா ராஜாவின் முன்னால் பேசும்போது அனனியாவின் பெயரே வருவதில்லை. பொறுமையாகக் கேட்கும்படி வேண்டிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். நடந்தது ஒன்றுதான். கேட்பவர் யார் என்று பார்த்து, எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்கிறார். இல்லாததைச் சேர்ப்பது வேறு, இருப்பதில் தேர்ந்தெடுப்பது வேறு. நீங்கள் அப்பாவின் பகுதியை விட்டால் அது மறைப்பதாகாது, தேர்ந்தெடுப்பதுதான்.

பலனையும் பாருங்கள். எருசலேம் கூட்டம் புறஜாதிகள் (யூதரல்லாதவர்கள்) என்ற சொல்வரைக்கும் கேட்டுவிட்டு, அப்புறம் இவனைக் கொல்லுங்கள் என்று கத்துகிறது. ரோம ஆளுநர் பெஸ்து அவரைப் பிதற்றுகிறான் என்கிறான். அகிரிப்பா பிடிகொடுக்காமல் ஒரு பதில் சொல்லிவிட்டு எழுந்து போகிறான். பவுலுக்கே இப்படி என்றால், உங்கள் மூன்று நிமிடத்தின் பலனைச் சுமக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இல்லை.

இனி, யாரிடமும் கேட்க முடியாத உங்கள் கேள்வி. அதைக் கேட்டதற்காக உங்களை மெச்சுகிறேன். அது விசுவாசக் குறைவு இல்லை, எதிரே இருப்பவர் மீதுள்ள மரியாதை. இந்தக் கூச்சம் இல்லாதவர்களைக் குழுவில் சேர்க்கத்தான் நான் தயங்குவேன்.

பேதுரு தன் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் எழுதியது எல்லோருக்கும் மனப்பாடம்: உங்களிலிருக்கும் நம்பிக்கையைக்குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள். இதில் "கேட்கிற" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒருவர் கேட்கிறார், நாம் சொல்கிறோம். அதையும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லச் சொல்கிறார். சமாரியப் பெண்ணிடம் இயேசு பேச்சைத் தொடங்கியதே தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டுத்தான். அந்தப் பெண் ஊருக்குள் ஓடிப் போய்ச் சொன்னதும் கேள்வியாகத்தான் இருந்தது: அவர் கிறிஸ்துதானோ? வந்து பாருங்கள் என்றாள், அவ்வளவுதான். முடிவை ஊராரிடமே விட்டுவிட்டாள்.

ஆக, சொல்வது சரியா என்பதைவிட, கேட்பவருக்கு எழுந்து போகும் சுதந்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பயணத் திட்டத்தை இந்த ஒரு கண்ணோடு படியுங்கள். மருந்துக்காக வரிசையில் நிற்பவர் எழுந்து போக முடியாது. பரிசுப் பைக்காகக் காத்திருக்கும் பிள்ளையும் முடியாது. பள்ளிக்கூடத்தைப் பழுதுபார்த்துக் கொடுத்த விருந்தாளிகள் மாலையில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், தலைமையாசிரியரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உதவி ஒரு பக்கம், சாட்சி ஒரு பக்கம் என்று இடத்தாலும் நேரத்தாலும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வராதவருக்கும் உதவி ஒரு துளியும் குறையக்கூடாது. அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவும் வேண்டும். 2011இல் உலகத் திருச்சபைகள் மாமன்றமும், வத்திக்கானின் சமய உரையாடல் அவையும், உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் சேர்ந்து, பல சமயத்தார் வாழும் உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நெறிமுறை வெளியிட்டன. சேவையின் பெயரால் ஆசை காட்டுவது கூடாது, மக்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வது கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. மற்றவர் நம்பிக்கையைத் தவறாகச் சித்தரிப்பதும் பொய்சாட்சியே என்கிறது. இவ்வளவு வேறுபட்ட மூன்று அமைப்புகள் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது அடிக்கடி நடக்கும் காரியம் இல்லை. அதை உங்கள் குழுவோடு உட்கார்ந்து படியுங்கள், நாலைந்து பக்கம்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெற்றோருக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளையையும் ஜெபத்துக்கோ, இயேசுவை ஏற்றுக்கொள்ளும் முடிவுக்கோ நடத்தக்கூடாது. அந்த நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது, நீங்கள் போகும் விசாவில் பிரசங்கம் செய்ய அனுமதி உண்டா என்பதையும் குழுத்தலைவரிடம் இப்போதே கேளுங்கள். பன்னிரண்டாம் நாள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். விசாரணைக்குப் போய் நிற்பது உள்ளூர்ச் சபைப் போதகர்தான்.

பழுதுபார்க்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம். 1998இல் மிட்ச் புயலுக்குப் பிறகு ஹோண்டுராஸில் வீடு கட்டப் பல வெளிநாட்டுக் கிறிஸ்தவக் குழுக்கள் போயின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், அந்தக் குழுக்கள் கட்டிய வீடுகளில் இருப்பவர்களையும் உள்ளூர்க்காரர்கள் கட்டிய வீடுகளில் இருப்பவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். பெற்றவர்கள் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பயணச் செலவையும் சேர்த்தால் குழுக்கள் கட்டிய வீட்டுக்குப் பல மடங்கு அதிகம் ஆகியிருந்தது. இதனால் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பன்னிரண்டு நாளில் கட்டடத்துக்குக் கிடைப்பதைவிட உங்களுக்குக் கிடைப்பது அதிகம் என்பதை ஒப்புக்கொண்டு போங்கள். உதவி செய்ய வந்தவர்கள் என்ற நினைப்பு தளர்ந்தால், பேச்சும் தானாகப் பணிவாக வரும். எழுபது சீடரை ஊர் ஊராக அனுப்பும்போது இயேசு என்ன சொல்லி அனுப்பினார்? பணப்பையையும் சாமான் பையையும் எடுக்காதீர்கள், ஒரே வீட்டில் தங்குங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள். போகிறவர்களை முதலில் வாங்குகிறவர்களாக மாற்றித்தான் அனுப்பினார். உங்களுக்கு இடம் கொடுக்கும் வீட்டம்மாவுக்கும் ஒரு கதை இருக்கும். பாத்திரம் துலக்கும்போது கூட நின்று அதைக் கேளுங்கள். உங்கள் மூன்று நிமிடத்துக்கு முன்னால் அது நடந்தால் ரொம்ப நல்லது.

சரி, மூன்று நிமிடத்தைத் தயார் செய்வது எப்படி? மொழிபெயர்ப்பாளர் இருந்தால் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம்தான். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்களை எடுத்துவிடுங்கள். "ஆண்டவர் என்னோடு இடைப்பட்டார்", "பாரம் கொடுத்தார்" என்பதெல்லாம் நமக்குப் புரியும். எங்கள் குழுவில் ஒரு தங்கை, "கர்த்தர் என்னை உடைத்து உருவாக்கினார்" என்றாள். மொழிபெயர்ப்பாளர் இளைஞர், உடைத்தார் என்பதை அடித்து எலும்பை முறித்தார் என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். அந்தத் தங்கை அன்பைப் பற்றித்தான் பேச வந்திருந்தாள்.

எழுதி முடித்ததும், சபைக்கே வராத ஒரு தோழியிடம் சொல்லிப் பாருங்கள். முடித்த பிறகு, "நான் சொன்னதை நீ திரும்பச் சொல்லு" என்று கேளுங்கள். அவள் திரும்பச் சொல்வதுதான் உண்மையில் போய்ச் சேர்ந்தது. எங்கே முகம் சுளித்தாள், எங்கே கேள்வி கேட்டாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஒரு முறை சேர்ந்து சொல்லிப் பார்த்தால் இன்னும் நல்லது.

உங்கள் கடிதத்தை வைத்து நான் ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். இதை அப்படியே ஒப்பிக்க வேண்டாம். அளவு தெரிவதற்காகத் தருகிறேன்:

"நான் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவள். ஜெபம் எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். எங்கள் வீட்டில் நீண்ட நாள் ஒரு கஷ்டம் இருந்தது. அப்போது தினமும் ஜெபித்தேன். ஒரு நாள் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் கோபம் வந்தது, ஏன் இவ்வளவு தாமதம் என்று. பல மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. என் அம்மா என்னை வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் மட்டும் ஜெபிப்பார், நான் சும்மா இருப்பேன். இப்போது மறுபடி ஜெபிக்கிறேன். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் கோபமாக இருந்த நாட்களிலும் கடவுள் என்னை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று கேட்க ஆசைப்படுகிறேன்."

கோபம் வந்ததும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும், இப்போது மறுபடி ஜெபிப்பதும் நான் ஊகித்தவை. உங்களுக்கு அப்படி நடக்கவில்லை என்றால் அந்த வரிகளை எடுத்துவிட்டு, நடந்ததை எழுதுங்கள். கடைசி வரியைக் கேட்டுவிட்டு உண்மையாகவே நிறுத்துங்கள். யாராவது பேச ஆரம்பித்தால் கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு ஒரு சோதனை காத்திருக்கும். சபையில் அறிக்கை கொடுக்கச் சொல்வார்கள். இயேசுவை ஏற்றுக்கொள்வதாக எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று கேட்பார்கள். விருந்தாளி கேட்கிறாரே என்று கை தூக்குபவர்களும், போன குழுவுக்கும் தூக்கிய அதே பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவர் நீங்கள். சரிபார்க்க முடியாத எண்ணை ஏட்டில் ஏற்றமாட்டீர்கள் அல்லவா? கண்டதை மட்டும் சொல்லுங்கள். அழுக்குச் சட்டையோடு நிற்கும் பிள்ளைகளின் படங்களைத் திரையில் போடாதீர்கள். அவர்கள் வீட்டுக் கஷ்டத்தை நம் சபையில் சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் அப்பாவுக்காக நீங்கள் நினைத்துப் பார்த்த அதே மரியாதை அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கும் வேண்டும்.

குழுத்தலைவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம். தனியாக, "அண்ணா, அப்பாவிடம் கேட்காமல் என்னால் முடியாது. என் பங்கை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், படித்துப் பாருங்கள்" என்று தாளை நீட்டுங்கள். எழுதிய தாள் கையில் இருந்தால் வாக்குவாதம் பாதி குறையும்.

அப்பாவிடமும் அப்படியே செய்யலாம். அப்பாவின் பகுதியை நீங்கள் விட்டுவிட்டாலும், வீட்டில் ஒரு கஷ்டம் என்ற வரி யாரைப் பற்றியது என்று அவருக்குத் தெரியும். அதனால் அவரிடம் காட்டுங்கள். குடியைப் பற்றிப் பேசட்டுமா என்று வாயால் கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். தாளைக் கொடுத்து, "அப்பா, இதுதான் சொல்லப்போகிறேன். எது வேண்டாமோ அதை அடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அவர் முழுவதையும் அடித்தாலும் ஏன் என்று கேட்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் என் குழுவில் இருந்த ஒரு தம்பி தன் அம்மாவிடம் இப்படித்தான் கொடுத்தான். அவர்கள் வீட்டிலும் மறக்க வேண்டிய ஒரு வருடம் இருந்தது. அம்மா படித்து முடித்துப் பேனா கேட்டாராம். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவர் ஒரே ஒரு இடத்தில் திருத்தினார். "அப்போ நீ பத்தாவது இல்லை, ஒன்பதாவது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாராம். அதுவரை அந்த வருடத்தைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஐந்து வாரம் இருக்கிறது. இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா